ஆறு இருக்கு, மேப்ல இல்லை! எண்ணூரைப் படம் படமாகச் சேமிக்கும் கலைஞர்கள்

மீஞ்சூர் முதல் திருவொற்றியூர் வரை நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தை யார் பதிவு செய்கிறார்கள்? ஒரு போட்டோவால் ஓர் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா? ஓர் அலசல்.

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறுங்கள். வலது பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தால் நல்லது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வரும். எண்ணூரை விட்டு வண்டி கிளம்பியதும் சத்தம் மாறும். பாலம். கீழே தண்ணீர். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள், நடுவில் ஒன்றிரண்டு சின்னப் படகுகள். கொஞ்ச நேரத்தில் அத்திப்பட்டு புதுநகர் வந்துவிடும். அப்புறம் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர்.

தினமும் இந்த வண்டியில் வேலைக்குப் போகிறவர்களில் பலர் அந்தப் பாலத்தைக் கவனிப்பதே இல்லை. எல்லோர் கண்ணும் போனில். தப்பு சொல்ல முடியாது, தினம் பார்க்கிற இடம்தானே. ஆனால் அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 'இங்கே ஆறும் கழிமுகமும் இருக்கின்றன' என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை அந்த ஊர்க்காரர்களுக்கு வந்தது. அந்த இடத்தில்தான் கேமராவோடும் பாட்டோடும் சிலர் உள்ளே வருகிறார்கள்.

யார் இந்த பழனி குமார்?

எண்ணூரையும் கொசஸ்தலையாற்றையும் தொடர்ந்து படமெடுத்து வருபவர்களில் முக்கியமானவர் எம். பழனி குமார். சொந்த ஊர் மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரம். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தை நடத்தியவர். பொறியியல் படித்த பழனி குமாருக்கு ஆர்வம் போட்டோவில். கேமரா வாங்கப் பணம் இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்ததும் அம்மாதான். இதை அவரே தன் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். அம்மாவின் உழைப்பைப் படமெடுப்பதில் ஆரம்பித்தவர், பிறகு அதே மாதிரி உழைக்கும் பெண்களைத் தேடிப் போனார்.

2017-ல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படம் நினைவிருக்கிறதா? மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைப் பேசிய, திவ்யபாரதி இயக்கிய படம். அதன் ஒளிப்பதிவாளர் பழனி குமார். பிறகு பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்ற ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் புகைப்படக் கலைஞராகச் சேர்ந்தார். தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவரும் இவர்தான்.

இவர் படங்களில் நிலம் மட்டும் தனியாக இருக்காது, ஆள் இருப்பார். கொசஸ்தலையாற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வலையில்லாமல் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் ஒருவரைப் பற்றி 'பாரி' தளத்தில் அவர் செய்த பதிவு ஓர் உதாரணம். எழுபது வயதைக் கடந்தவர். இறாலைப் போட வைத்திருக்கும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவதுதான் இந்தத் தொழிலின் முறை. தரை எப்படி இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம், இறால் எங்கே பதுங்கும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சேற்றுக்கு மேல் சாம்பல் படிந்தால், அந்தக் கைக்கு என்ன தெரியும்?

அப்படி என்னதான் மறைகிறது?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. வடக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கே வந்து சேர்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் என்பதால் அலையாத்தி மரங்கள், இறால், நண்டு, மீன் குஞ்சுகள், பறவைகள் என்று எல்லாம் இருக்கும். சுற்றி அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளங்கள். முகத்துவாரத்தை ஒட்டி காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவக் கிராமங்கள்.

கால்வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமான முதல் பகுதி வெட்டப்பட்டது 1806-ல். அப்போது அதன் பெயர் கோக்ரேன் கால்வாய். உப்பும் விறகும் படகில் போன பாதை அது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்பேட்டையாக மாறியது. வாகனத் தொழிற்சாலை, மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர் துறைமுகம். பிறகு 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி துறைமுகம். 2010-ல் மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. சென்னைக்காரர் ஒருவர் வீட்டில் ஸ்விட்ச் போடும்போதும் குழாயைத் திறக்கும்போதும் இந்த ஊரோடு அவருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது.

இதில் ஆறு எப்படிப் பாதிக்கப்படுகிறது? சிம்பிளாகச் சொன்னால் இப்படி: அனல்மின் நிலையத்தில் எரிக்கும் இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல்தான். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழம்பு மாதிரி ஆக்கி, நீளமான குழாய்கள் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். மீஞ்சூர் அருகே செப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இருப்பது அப்படி ஒரு குளம்தான். வழியில் குழாய் ஆற்றைக் கடக்கிறது. குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சாம்பல் ஆற்றில் கொட்டும். அது கரையாது, அடியில் படியும். ஆண்டுக்கணக்கில் படிந்தால் ஆழம் குறையும். படகு தரை தட்டும். இறால் பதுங்கும் சேறு சிமென்ட் மாதிரி இறுகும். இதோடு மின் நிலையங்களில் குளிர்விக்கப் பயன்பட்டு வெளியேறும் சூடான நீரும் சேர்கிறது.

வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. தண்ணீர் இருக்கும், அலை அடிக்கும், போட்டோவில் அழகாகக்கூட இருக்கும். மறைந்திருப்பது ஆழம். அதைப் பார்க்க வேண்டுமானால், முன்பு நீந்திய இடத்தில் இன்று முழங்கால் தண்ணீரில் நின்று வலை இழுக்கும் மனிதரைத்தான் பார்க்க வேண்டும். பழனி குமாரின் படங்களில் எப்போதும் ஆள் இருப்பதன் அர்த்தம் அதுதான்.

மேப்ல இல்லாத ஆறு

2017-ல் எண்ணூர் மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் ஒரு குற்றச்சாட்டைக் கிளப்பினார்கள். மத்திய அரசு ஒப்புதல் தந்த 1996-ம் ஆண்டின் கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம், சுமார் 6,500 ஏக்கர் பரப்போடு, கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைத்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் அதிகாரி முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். அங்கே நீலம் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் காலி நிலம். காலி நிலத்தில் நிலக்கரிக் கிடங்கு கட்டலாம், சாலை போடலாம். அப்புறம் 'இங்கே ஆறு இருந்தது' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

எண்ணூரில் போட்டோ வெறும் நினைவுப் பொருளாக இல்லாமல் சான்றாக மாறுவது இந்தப் புள்ளியில்தான். படகு நிற்கிறது, வலை விழுகிறது, இறால் வருகிறது என்று காட்டும் ஒவ்வொரு படமும், 'இது தண்ணீர்தான்' என்ற வாக்குமூலம்.

'புறம்போக்கு' என்றால் திட்டா?

படம் மட்டுமில்லை, பாட்டும் இந்த ஊரைப் பதிவு செய்திருக்கிறது. 2017 பொங்கல் சமயத்தில் யூடியூபில் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' பலருக்கு நினைவிருக்கலாம். எழுதியவர் கபேர் வாசுகி. ராகமாலிகையாக இசையமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. சபா மேடையில் கேட்டுப் பழகிய கர்னாடக இசை, பேச்சுத் தமிழில், எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றுகொண்டு ஒலித்தது. பின்னணியில் புகைபோக்கிகள்.

பாடலின் மையம் ஒரே ஒரு சொல். யாராவது ஒருத்தரை 'போடா புறம்போக்கு' என்றால் அது திட்டு. ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்பது யாருக்கும் தனிச்சொத்து இல்லாத, வரி போடாத பொது நிலம். ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், கடற்கரை எல்லாம் அதில் வரும். ஊருக்கே சொந்தமான இடத்தின் பெயர் எப்படி உருப்படாதவனைக் குறிக்கும் சொல்லானது என்பதுதான் கேள்வி. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துவிட்டால், அதில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்று தோன்றிவிடும். எண்ணூரில் நடந்ததை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது அந்தப் பாடல்.

உலகத்தில் வேறு எங்கே இப்படி?

தொழில் நகரங்களைப் பதிவு செய்வது கலைஞர்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் எல்.எஸ். லௌரி (1887-1976) வாடகை வசூலிக்கும் வேலை பார்த்துக்கொண்டே, மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதி மில்களையும், வேலை முடிந்து கூட்டமாக வெளியேறும் தொழிலாளர்களையும் வரைந்தார். தீக்குச்சி மாதிரி மெலிந்த மனிதர்கள், பின்னால் புகைபோக்கிகள். அந்த மில்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. லௌரி பெயரிலான கலை மையம், பழைய கப்பல் துறை இருந்த இடத்தில் 2000-ல் திறக்கப்பட்டது.

ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-லிருந்து பல பத்தாண்டுகள் ஒரே வேலையைச் செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி, ஊதுலை, சுரங்கக் கோபுரம் ஆகியவற்றை ஒரே மாதிரி மேகமூட்ட வெளிச்சத்தில், நேருக்கு நேராக, கறுப்பு வெள்ளையில் எடுத்து வரிசையாக அடுக்குவது. டார்ட்மண்ட் நகரின் ஸோலர்ன் சுரங்கக் கட்டடம் 1960-களின் கடைசியில் இடிக்கப்பட இருந்தபோது, அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. இன்று அது அருங்காட்சியகம். சீனாவில் வாங் பிங், ஷென்யாங் நகரின் மூடப்படும் ஆலைகளைச் சுமார் 9 மணி நேர ஆவணப்படமாக எடுத்தார்.

ஆனால் இவர்களுக்கும் எண்ணூருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பெக்கர் தம்பதியும் வாங் பிங்கும் பதிவு செய்தது ஆலைகளின் கடைசிக் காலத்தை. எண்ணூரில் ஆலைகளின் காலம் முடியவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தில் 800 மெகாவாட் புதிய அலகு 2024-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. காட்டுப்பள்ளி துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். இங்கே கேமராவுக்கு முன்னால் மறைவது ஆலைக்கு முந்தைய நிலம். அங்கே 'இருந்தது' என்று சொல்லும் படம், இங்கே 'இன்னும் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்' என்று சொல்கிறது.

ஆலைகளும் மறைகின்றனவே?

அதுவும் நடக்கிறது. பெரம்பூர் பின்னி மில் என்று வடசென்னைக்காரர்கள் சொல்லும் பக்கிங்ஹாம் - கர்னாடிக் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னை தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் உருவானது இந்த மில் தொழிலாளர்களிடமிருந்துதான். 1990-களில் மில் மூடப்பட்டது. பிறகு அந்த வளாகம் சினிமா ஷூட்டிங் ஸ்பாட் ஆனது, அடுத்து அடுக்குமாடிக் குடியிருப்பு. பல தமிழ்ப் படங்களின் சண்டைக் காட்சிகளில் பின்னால் தெரியும் இடிந்த சுவர், ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் ஷிப்ட் மாறிய இடம்.

450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31-ல் ஓட்டத்தை நிறுத்தியது. 'விம்கோ நகர்' என்ற பெயரும் ஒரு தீப்பெட்டி கம்பெனியிடமிருந்து வந்ததுதான். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம். இன்று அந்தப் பெயரை மெட்ரோ ஸ்டேஷன் போர்டில் படிக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆக, வடசென்னையில் மறைதல் இரண்டு முறை நடக்கிறது. ஆலைக்காக முதலில் ஆறும் உப்பளமும் போகின்றன. ஐம்பது, நூறு வருஷம் கழித்து ஆலையும் போகிறது. முன்னதில் வேலையை இழப்பவர் மீனவர், உப்பளத் தொழிலாளி. பின்னதில் மில் தொழிலாளி. ஒரே குடும்பத்தில் தாத்தா ஆற்றில், அப்பா ஆலையில், பிள்ளை டெலிவரி பைக்கில் என்பது இங்கே அதிசயமில்லை. இதை வளர்ச்சியா அழிவா என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. ஆலை பல குடும்பங்களுக்குச் சோறும் போட்டது. நேர்மையான பதிவில் இரண்டும் இருக்க வேண்டும்.

படம் எடுத்தால் என்ன மாறிவிடும்?

நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் பரவியது. எண்ணெய் அப்பிய கூழைக்கடா பறவைகளின் படங்களும், வெறுங்கையோடு எண்ணெய் அள்ளிய மீனவர்களின் படங்களும் வைரலாயின. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தப் படங்களும் ஷேர் ஆயின. புது வருஷம் பிறந்ததும் டைம்லைனில் வேறு விஷயம் வந்துவிட்டது.

வைரல் படத்துக்கும் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வைரல் படம் விபத்து நடந்த அன்று வரும். ஆனால் எண்ணூரின் பெரிய இழப்பு ஒரே நாளில் நடந்ததல்ல. கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்து நடந்தது. அதைக் காட்ட வேண்டுமானால் விபத்து இல்லாத நாளிலும் போய் எடுக்க வேண்டும். மீன் கிடைத்த நாள், கல்யாண நாள், சும்மா படகில் உட்கார்ந்து வலை சரிசெய்யும் நாள். இப்படிச் சாதாரண நாட்களின் படங்கள் இருந்தால்தான் 'முன்பு', 'பின்பு' என்று ஒப்பிட முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகைபோக்கியும் சூரிய அஸ்தமனமும் சேர்ந்தால் படம் சூப்பராக வரும். வெளியிலிருந்து வருபவர் அதை எடுத்து லைக் வாங்கிவிட்டுப் போய்விடலாம். அங்கே வாழ்பவர் அந்தப் படத்தில் கறுப்பு நிழல் மட்டும்தான். பழனி குமார் இதற்குக் கண்டுபிடித்த வழி, கேமராவைக் கைமாற்றுவது. தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் போன்ற உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பயிற்சி கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார். தன் தெருவைத் தானே எடுக்கும் பிள்ளைக்கு எது சாதாரணம், எது புதுசு என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

உங்கள் போனில் இருக்கும் எண்ணூர்

மீஞ்சூர், அத்திப்பட்டு, திருவொற்றியூர் பக்கம் வாழ்பவர் என்றால், இந்தப் பதிவில் உங்களுக்கும் பங்கு உண்டு. சில எளிய விஷயங்கள்:

போனில் எடுக்கும் படத்தில் தேதி, நேரம், லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் இடம் ஆகிய தகவல்கள் கோப்புக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படமாக அனுப்பினால் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் ஒரிஜினல் கோப்பை டெலிட் செய்யாமல் தனியாகச் சேமித்து வையுங்கள்.

டிஜிட்டல் படத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கச் சான்றிதழ் தேவைப்படும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ம் பிரிவு. எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பு மாற்றப்படவில்லை என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும்.

ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், வருஷத்துக்கு ஒருமுறை எடுங்கள். பெக்கர் தம்பதி செய்ததும் கிட்டத்தட்ட இந்த மாதிரி விடாப்பிடியான வேலைதான்.

வீட்டில் பழைய ஆல்பம் இருக்கிறதா? கல்யாண போட்டோவின் பின்னணியில் ஓர் உப்பளம், காதுகுத்து படத்தின் ஓரத்தில் ஒரு படகுத்துறை இருக்கலாம். தாத்தாவிடமோ ஆயாவிடமோ கேட்டு, எந்த இடம், எந்த வருஷம் என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையும் அந்த லோக்கல் வண்டி எண்ணூர் பாலத்தைத் தாண்டும். ஒரு படம் எடுக்க அந்த நேரம் போதும்.